ஹைட்ராலிக் ரெஸ்ட்ரிக்டர்: மீதி எண்ணெய் எங்கே போகிறது?

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி இறக்க வரும் லாரிகள் சிலவற்றின் பின்னால் ஓர் இரும்புப் பலகை இருக்கும். டெயில்கேட் என்பார்கள். பட்டனை அழுத்தினால் பலகை தரைக்கு இறங்கும், மறுபடி அழுத்தினால் ஏறும். ஏறும்போது மோட்டார் உறுமுகிறது. இறங்கும்போது அநேகமாகச் சத்தமே இல்லை. ஏற்றுவதற்குத்தான் பம்ப் வேண்டும், இறக்குவதற்குப் பலகையின் எடையே போதும் என்பதுதான் காரணம். வால்வு திறந்ததும், பலகையைத் தூக்கும் சிலிண்டரில் இருந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி ஓடுகிறது, பலகை கீழே வருகிறது.

அப்படியென்றால் அரை டன் உருளைக்கிழங்கு ஏற்றிய பலகை ஏன் தடாலென்று விழுவதில்லை? எண்ணெய் திரும்பும் வழியில் ஒரு தடை வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தைக் குறுக்குகிற அந்தத் தடைக்குத்தான் ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். சில இடங்களில் அது துளை போட்ட ஒரு சிறிய திருகு, அவ்வளவுதான். விலையும் அதிகமில்லை. ஆனால் ஹைட்ராலிக், அதாவது எண்ணெயைத் தள்ளி இயந்திரத்தை இயக்கும் முறை, படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

ரெஸ்ட்ரிக்டருக்குப் போகுமுன் ஓர் அடிப்படையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, சிலிண்டர் மெதுவா போகுது, பிரஷரைக் கூட்டிடவா?" கூட்டலாம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஹைட்ராலிக்கில் அழுத்தம் தருவது பலம், வேகம் தருவது பாய்வு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் உள்ளே போகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். 63 மி.மீ. உள்விட்டம் கொண்ட சிலிண்டர் ஒன்று. அதன் பிஸ்டன் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் போனால் பிஸ்டன் நொடிக்கு ஏறத்தாழ 10.7 செ.மீ. நகரும். 10 லிட்டர் போனால் அதில் பாதி. இந்தக் கணக்கில் அழுத்தம் எங்கேயுமே வரவில்லை பாருங்கள். அழுத்தம் எப்போது வரும் என்றால், அந்தச் சிலிண்டரின் மேல் சுமை வைக்கும்போது. ஒன்றரை டன் வைத்தால் உள்ளே சுமார் 47 பார் அழுத்தம் உண்டாகும். மூன்று டன் வைத்தால் 94. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயைத் தள்ளுகிறது, எதிரே நிற்கும் தடைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சரி, இப்போது துளைக்கு வருவோம்.

ஒரு மில்லிமீட்டர் துளைக்குள்

ஒரு மெல்லிய தகட்டில் கூரிய விளிம்புள்ள 1 மி.மீ. துளை போட்டு, ஒரு பக்கம் 100 பார், மறுபக்கம் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஹைட்ராலிக் எண்ணெய் அதன் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 4.4 லிட்டர் போகும். துளைக்குள் எண்ணெயின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர், அதாவது மணிக்கு 500 கி.மீ.க்கு மேல். வெளியே வந்ததும் அந்த வேகம் முழுவதும் சுழலாகி, சூடாகிக் கரைந்துவிடுகிறது.

துளையை 2 மி.மீ. ஆக்கினால்? பாய்வு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஏனென்றால் பரப்புதான் கணக்கு. 100 பாரில் கிட்டத்தட்ட 17.7 லிட்டர் போகும். ஆனால் அழுத்தம் இப்படி வேலை செய்வதில்லை. அழுத்த வேறுபாட்டை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து 25 பார் ஆக்கினாலும் பாய்வு பாதியாகத்தான் குறையும்: 1 மி.மீ. துளையில் 2.2 லிட்டர். பாய்வு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இதே விஷயம் நம் வீட்டுக் குழாயிலும் நடக்கிறது. தண்ணீரைச் சேமிக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் வீடுகளுக்குக் கொடுத்த திம்பிள் நினைவிருக்கலாம். குழாய்க்குள் செருகும் சின்ன வில்லை. அதுவும் ரெஸ்ட்ரிக்டர்தான், திரவம் மட்டும் தண்ணீர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, நடுவில் அழுத்தக் குறைப்பு வால்வு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்கு 10 மீட்டர் கீழே இருக்கும் வீட்டில் அழுத்தம் சுமார் 1 பார். 40 மீட்டர் கீழே இருக்கும் வீட்டில் 4 பார். இருவரும் ஒரே அளவுத் துளையுள்ள வில்லையைப் போட்டிருந்தாலும், கீழ்வீட்டில் இரண்டு மடங்கு தண்ணீர் வரும். ஒரே துளை, வெவ்வேறு பாய்வு.

ஆகவே "இந்த ரெஸ்ட்ரிக்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் விடும்" என்று யாராவது சொன்னால், எத்தனை பார் வேறுபாட்டில் என்று கேளுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

துளையின் வடிவமும் முக்கியம். மெல்லிய தகட்டில் போட்ட கூரிய துளையில் எண்ணெயின் பிசுக்குமை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது, பெரிதாக விளையாடாது. நீளமான மெல்லிய குழாய்போல் இருக்கும் ரெஸ்ட்ரிக்டர் வேறு கதை. அங்கே எண்ணெய் சுவரை உரசிக்கொண்டே போகிறது, பிசுக்குமை பாதியானால் பாய்வு இரட்டிப்பாகிவிடும். மெல்லிய குழாயில் விட்டம் இரட்டிப்பானால் பாய்வு 16 மடங்காகும் என்ற விதியை 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் புவாஸேய் ஒரு மருத்துவர். ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனைகளில் இறங்கினார்.

விஜி 46 என்ற வகை எண்ணெய் 40 டிகிரியில் 46 அலகு பிசுக்குமை கொண்டது. அதே எண்ணெய் 100 டிகிரியில் ஏழுக்கும் கீழே வந்துவிடும். ஐரோப்பியக் கையேடுகளைப் புரட்டினால் குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியாகிவிடுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். சிங்கப்பூரில் அந்தக் கவலை கிடையாது. இங்கே தலைவலி எதிர்ப்பக்கம்: மதியம் மூன்று மணிக்கு எண்ணெய் சூடாகி நீர்த்துப்போய், காலையில் ஒழுங்காகச் செட் செய்த வேகம் மாறிவிடும். அதனால் நான் எப்போதும் சொல்வது, இயந்திரத்தை அரைமணி நேரமாவது ஓடவிட்டு எண்ணெய் சூடான பிறகு வேகத்தைச் சரிசெய்யுங்கள் என்பதுதான்.

துளையைக் குறுக்கியும் வேகம் ஏன் குறையவில்லை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

துளையைச் சிறிதாக்கினால் எண்ணெய் குறைவாகப் போகும் என்று நினைப்பது இயல்பு. தொட்டிக்குத் திரும்பும் டெயில்கேட் எண்ணெய்க்கு அது சரிதான், ஏனென்றால் அங்கே தள்ளுவது பலகையின் எடை மட்டுமே. ஆனால் பம்ப் தள்ளும் வழியில் ரெஸ்ட்ரிக்டரை வைத்தால் நிலைமை வேறு. சாதாரண கியர் பம்புக்குப் பேரம் பேசத் தெரியாது. நிமிடத்துக்கு 20 லிட்டர் பம்ப் என்றால் 20 லிட்டரைத் தள்ளித்தான் தீரும். நீங்கள் வழியைக் குறுக்கினால் அது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு அதே 20 லிட்டரை அந்தத் துளைக்குள் திணிக்கும்.

அப்படியானால் பாய்வு எப்போது குறையும்? மீதி எண்ணெய்க்கு வேறு வழி கிடைக்கும்போதுதான். அந்த வழி பெரும்பாலும் ரிலீஃப் வால்வு: அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் வால்வு.

மேலே சொன்ன சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். சுமைக்கு 47 பார். ரிலீஃப் வால்வு 160 பாரில் திறக்கும்படி செட் செய்திருக்கிறது. பம்ப் 20 லிட்டர். சிலிண்டருக்குப் போகும் வழியில் 4 மி.மீ. துளை ஒன்றை வைத்தால், 20 லிட்டரும் அதில் போக வெறும் 8 பார் போதும். பம்ப் பக்கம் அழுத்தம் 47இலிருந்து 55 ஆகும். வேகம் இம்மியும் குறையாது. 3 மி.மீ. வைத்தாலும் அதே கதைதான். துளை ஏறத்தாழ 2 மி.மீ.க்கு வரும்போதுதான் அழுத்தம் 160ஐத் தொட்டு ரிலீஃப் வால்வு திறக்கிறது, எண்ணெய் இரண்டாகப் பிரிகிறது. வேகம் பாதியாக வேண்டுமென்றால் துளை 1.5 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

திருகத் திருகத் துளையைக் குறுக்கும் நீடில் வால்வைத் திருகிப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான அனுபவமாக இருக்கும். ஒரு சுற்று திருகுவார்கள், ஒன்றும் நடக்காது. இன்னொரு சுற்று, ஒன்றும் நடக்காது. "வால்வு கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி இன்னும் கால் சுற்று திருகினால் சட்டென்று வேகம் விழும். வால்வில் ஒரு குறையும் இல்லை. அதுவரை ரிலீஃப் வால்வு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு விலையும் உண்டு. அதே உதாரணத்தில் வேகத்தைப் பாதியாக்கிவிட்டோம். பம்ப் 160 பாரில் 20 லிட்டர் தள்ளுகிறது, அதாவது 5.3 கிலோவாட். சுமையைத் தூக்கப் பயன்படுவது அதில் 0.8 கிலோவாட்டுக்கும் குறைவு. ரிலீஃப் வால்வு வழியாக 2.7, ரெஸ்ட்ரிக்டர் வழியாக 1.9, ஆகமொத்தம் நாலரை கிலோவாட் எண்ணெயைச் சூடாக்குகிறது. தொட்டிக்குள் இரண்டு மின்கெண்டிகளைப் போட்டு விட்டது மாதிரி. ஏற்கெனவே 32 டிகிரி வெயிலில் நிற்கும் இயந்திரம் இது. ஆகவே ரெஸ்ட்ரிக்டர் எப்போதாவது சில விநாடிகள் இயங்கும் வேலைக்குத்தான் லாயக்கு. எம்ஆர்டி கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்க உழைக்கிற எக்ஸ்கவேட்டரில் வேண்டிய அளவு மட்டுமே எண்ணெய் தரும் மாறு பம்ப் வைப்பது இதனால்தான்.

முன்னாலா, பின்னாலா

சிலிண்டருக்குள் போகும் எண்ணெயைக் கட்டுப்படுத்துவதை மீட்டர்-இன் என்பார்கள். வெளியே வருவதைக் கட்டுப்படுத்துவது மீட்டர்-அவுட். மூன்றாவதாக, ஒரு பகுதியைக் கிளைவழியில் நேராகத் தொட்டிக்கே திருப்பிவிடும் முறையும் உண்டு. அதில் அழுத்தம் ரிலீஃப் அளவுக்கு ஏறாது, சூடும் குறைவு, ஆனால் சுமை மாறினால் வேகமும் மாறும். துல்லியம் வேண்டாத இடத்துக்குச் சரி.

மற்ற இரண்டில் எது என்பதைச் சுமைதான் முடிவுசெய்கிறது. சுமை சிலிண்டரை எதிர்த்து நின்றால் மீட்டர்-இன் போதும். சுமையே சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தால் மீட்டர்-இன் ஆபத்து. துவாஸ் கப்பல் பட்டறைகளுக்கு வரும் சரக்குக் கப்பல்களில் மடக்கித் திறக்கும் சரக்கறை மூடிகளைப் பார்த்திருப்பீர்கள். மூடும்போது முதலில் சிலிண்டர் மூடியைத் தள்ள வேண்டியிருக்கும். நடுப்புள்ளியைத் தாண்டியதும் மூடியின் எடை சிலிண்டரை இழுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் உள்ளே வரும் எண்ணெயை மட்டும் குறுக்கி வைத்திருந்தால், சிலிண்டர் எண்ணெயைவிட வேகமாக ஓடி, பின்னால் வெற்றிடம் உண்டாகி, மூடி கட்டுப்பாட்டை மீறும். வெளியேறும் எண்ணெயைப் பிடித்து வைத்தால்தான் சுமை நம் பேச்சைக் கேட்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் மீட்டர்-அவுட் வைத்துவிட முடியாது. சிலிண்டரின் ஒரு பக்கம் தண்டு இருப்பதால் அந்தப் பக்கப் பரப்பு குறைவு. 63 மி.மீ. சிலிண்டரில் 45 மி.மீ. தண்டு என்றால் தண்டுப் பக்கப் பரப்பு மறுபக்கத்தில் பாதிதான். சுமையே இல்லாமல் அடிப்பக்கம் 160 பார் கொடுத்து, தண்டுப் பக்க வழியை நெருக்கிப் பிடித்தால் அங்கே 320 பாருக்கு மேல் ஏறும். மீட்டரில் 160 தானே காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்போம், தண்டுப் பக்க ஹோஸ் வெடிக்கும்.

இரண்டு திசையிலும் ஒரே வேகம் வேண்டாம், இறங்கும்போது மட்டும் மெதுவாகப் போகட்டும் என்றால் ஒருவழி ரெஸ்ட்ரிக்டர் போடுவார்கள். உள்ளே துளைக்குப் பக்கத்திலேயே ஒரு செக் வால்வு. ஒரு திசையில் எண்ணெய் தாராளமாகப் போகும், எதிர்த்திசையில் துளை வழியாக மட்டும். உடம்பில் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டுவது தாராளமான திசையா, கட்டுப்படுத்திய திசையா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அம்பை நம்பாமல், பக்கத்தில் பொறித்திருக்கும் குறியீட்டுப் படத்தைப் பாருங்கள்.

சுமை மாறினாலும் வேகம் மாறாமல்

டெயில்கேட்டில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. காலிப் பலகையில் சிலிண்டர் அழுத்தம் 30 பார், சரக்கோடு 120 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் துளை என்றால் சரக்கோடு இறங்கும் வேகம் காலியாக இறங்குவதைப்போல் இரண்டு மடங்கு. எப்போது மெதுவாக இறங்க வேண்டுமோ அப்போதுதான் வேகமாக இறங்கும். காலிப் பலகைக்குச் சரியாகத் துளை வைத்தால் சரக்கு பாய்ந்து இறங்கும். சரக்குக்குச் சரியாக வைத்தால் காலிப் பலகை ஆமை வேகத்தில் ஊரும்.

இதற்குத்தான் அழுத்த ஈடு செய்யும் பாய்வு வால்வு. உள்ளே வழக்கமான துளையோடு ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்பூல், அதாவது முன்னும் பின்னும் நகரும் உருளை, இருக்கும். துளைக்கு முன்னால் உள்ள அழுத்தம் ஸ்பூலை ஒரு பக்கம் தள்ளும். துளைக்குப் பின்னால் உள்ள அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மறுபக்கம் தள்ளும். சரக்கு ஏறி அழுத்தம் கூடினால் பாய்வு கூடப் பார்க்கும், துளையின் இருபக்க வேறுபாடும் கூடும், உடனே ஸ்பூல் நகர்ந்து வழியைச் சற்று மூடும். கூடுதல் அழுத்தம் முழுவதும் ஸ்பூலின் விளிம்பிலேயே செலவாகிவிடும். முக்கியத் துளைக்கு மட்டும் எப்போதும் ஒரே வேறுபாடு, பொதுவாக 5 முதல் 10 பாருக்குள், கிடைத்துக்கொண்டே இருக்கும். வேறுபாடு மாறாவிட்டால் பாய்வும் மாறாது. கணினி இல்லை, சென்சார் இல்லை, ஒரு ஸ்பிரிங்கும் ஓர் இரும்பு உருளையும் மட்டும். ஹைட்ராலிக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அந்த 5, 10 பார் கூட இல்லாத இடத்தில் ஸ்பூலால் ஒன்றும் செய்ய முடியாது. காலிப் பலகை மிகவும் லேசாக இருந்தால் இந்த வால்வும் சாதாரணத் துளைபோலத்தான் நடந்துகொள்ளும்.

இதன் உறவினர் ஒருவர் ஹோஸ் வெடிப்பு வால்வு. சிலிண்டர் வாயிலேயே திருகி வைத்திருப்பார்கள். ஹோஸ் வெடித்து எண்ணெய் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் உள்ளிருக்கும் தட்டு பட்டென்று அடைத்துக்கொள்ளும், சுமை அப்படியே நிற்கும். அது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அல்ல. ரெஸ்ட்ரிக்டருக்குப் பதிலாக இதைப் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

கை வைக்குமுன்

சிறு துளைக்குப் பெரிய எதிரி அழுக்கு. கால் மில்லிமீட்டர் துளையில் ஒரு ரப்பர்த் துணுக்கு போய் உட்கார்ந்தால் சிலிண்டர் நின்றுவிடும், அல்லது விட்டு விட்டு நகரும். கம்பியை விட்டுக் குத்தி எடுக்காதீர்கள். விளிம்பு கூர்மையாக இருக்கும் வரைதான் துளை சொன்ன கணக்குப்படி நடக்கும். கழற்றி, கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். முன்னால் ஒரு நல்ல ஃபில்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமும் இதே வேலைதான்.

சுமை மேலே நிற்கும்போது ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றவே கூடாது. சுமையை முழுவதும் இறக்கி, இறக்க முடியாவிட்டால் தாங்குகட்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திச் சாவியைப் பூட்டி வைத்து, அழுத்தம் சுழியம் என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஊசிமுனைக் கசிவிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'அழுத்தத்தோடு எண்ணெய் உள்ளே போய்விட்டது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு அட்டைத் துண்டைக் கசிவுக்கு நேரே காட்டினாலே இடம் தெரிந்துவிடும்.

அப்புறம், ஹோஸ் மாற்றும் நாளில் ஒரு விஷயம். பல இயந்திரங்களில் ரெஸ்ட்ரிக்டர் தனி வால்வாக இருக்காது. ஃபிட்டிங்குக்குள்ளேயே துளையைக் குறுக்கியிருப்பார்கள், அல்லது ஒரு சிறு வில்லையை உள்ளே போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஃபிட்டிங்குக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கடையிலிருந்து அதே மரை அளவில் புது ஃபிட்டிங் வாங்கி மாட்டினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், கசிவும் இருக்காது, முதல் தடவை சுமையோடு இறக்கும்போது பலகை விழும். பழைய ஃபிட்டிங்கை வீசுமுன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். துளை சந்தேகப்படும்படி சிறிதாக இருந்தால் டிரில் பிட்டின் காம்பை விட்டு அளந்து, அளவை ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டுப் புதியதை ஆர்டர் செய்யுங்கள்.